குடிமதிப்பு நாளில் எங்கள் சேவல்

எங்கள் வீட்டுக் கதவில் தாரால் நாற்பத்து மூன்று என்று எழுதிவிட்டுப் போன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பயமா சந்தோஷமா என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. எனக்கு இரண்டும் சேர்ந்துதான் வரும். திருத்தணி மெட்ராஸ் பக்கமும் எங்கள் சத்தியவேடு ஆந்திராப் பக்கமுமாகப் பிரிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் புது சர்க்கார் குடிமதிப்பு எடுக்க, ஊர் ஜனத்தை எல்லாம் எண்ணி எழுத வருகிறதாம். தலைக்கு ஒரு சீட்டாம். எனக்கே எனக்கென்று ஒரு சீட்டு! பல்லே முளைக்காத என் தம்பிக்கும் ஒன்று!

எழுத வருகிறவர் எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபவீட்டில் உபதேசியாக நின்று ஜெபம் நடத்துகிறவரும், சபைப் புத்தகத்தில் எங்கள் ஐந்து பேர் பெயரையும் எழுதி வைத்திருப்பவரும் அவரேதான்.

அண்ணன் எட்டாவது முடிக்கப் போகிறான். ஜூனில் திருப்பதி சர்க்கார் ஹாஸ்டலில் சேர வேண்டும். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கான ஹாஸ்டல் அது. வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன் என்று எந்தக் காகிதத்திலாவது ஏறிவிட்டால் அங்கே இடம் கிடைக்காது என்று சேரி முழுக்கப் பேச்சு. அப்போது என்னிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. "வாயத் தொறந்தே, தொடப்பக்கட்டதான்" என்று மட்டும் அம்மா சொல்லி வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் வாசலை மூன்று தரம் பெருக்கினேன். வாத்தியார் கக்கத்தில் காகிதக் கட்டோடு வந்து உள்ளே உட்கார்ந்தார். முதல் சீட்டு அப்பாவுக்கு, எங்கள் நைனாவுக்கு. பெயர், வயது, தொழில் எல்லாம் ஆயிற்று.

"மதம்?"

நைனா கூரையைப் பார்த்தார். "இந்துன்னு எய்துங்க சார்" என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துடைப்பக்கட்டையை மறந்துவிட்டேன். "இன்னாம்மா, நேத்துகூட ஜெபத்துக்குப் போனோமே! சாருதானே ஜெபம் பண்ணாரு? சார், உங்களுக்குத் தெரியாதா?"

வாத்தியார் தலையை நிமிர்த்தவில்லை. "நேத்து நீ பாத்தது உபதேசிய. இன்னிக்கு வந்துக்கீறது கவர்மென்ட்டு. சொல்றத எய்தறதுதான் அதுக்கு வேல, பாப்பா."

"அப்ப கவர்மென்ட்டு மோர் குடிக்குமா சார்?" என்றார் நைனா.

"குடிக்கும், குடிக்கும். வவுறு ஒண்ணுதானே."

நைனா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அடுத்த சீட்டு அவளுடையது. மதம்? இந்து.

இரண்டு! அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. முந்தின நாள் இதே வாத்தியார்தான், பயத்தில் தன் குருவைத் தெரியவே தெரியாது என்று மூன்று தரம் சாதித்த சீடனைப் பற்றியும், உடனே கூவிய சேவலைப் பற்றியும் சொல்லியிருந்தார். அந்தச் சீடன் அழுத அழுகையை அவர் செய்துகூடக் காட்டினார். அடுத்தது அண்ணன் சீட்டு. மூன்றாவது. எங்கள் சேவலுக்கோ நேரம் காலம் கிடையாது, நினைத்தபோதெல்லாம் கூவும்!

வாசலுக்குப் பாய்ந்தேன். அது குப்பைமேட்டில் நின்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. நான் தாவ, அது பறக்க, வேலியைச் சுற்றி இரண்டு சுற்று. கடைசியில் பாவாடையை விரித்து அதன்மேல் விழுந்தே பிடித்தேன். அலகை ஒரு கையால் இறுக்கி மூடிக்கொண்டேன். உள்ளே அம்மாவின் குரல் மூன்றாம் தரம் கேட்டது. சேவல் கூவவில்லை! அதன் நகம் கையைக் கிழித்தது, நான் விடவில்லை. நான்காவது எனக்கு. ஐந்தாவது தம்பிக்கு. ஒன்றுக்கும் கூவவில்லை!

வாத்தியார் வெளியே வந்தார். "இன்னா பாப்பா, அத ஏன் அப்டி புடிச்சிக்கினு நிக்கிறே?"

"கூவிடும் சார். அம்மா மூணு தரத்துக்கு மேலயே சொல்லிட்டாங்க."

அவர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். பிறகு மெதுவாக, "நான் தெரு தாண்டற வரைக்கும் விட்டுடாதே, பாப்பா" என்றார்.

அவர் வளைவில் மறைந்து வெகுநேரம் கழித்துத்தான் விட்டேன். உள்ளே ஓடிப்போய், "கூவ வுடலம்மா!" என்று குதித்தேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அம்மா என் கைக்கு மஞ்சள் அரைத்துப் போட்டாள். ஒரு வாரம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அம்மாவைக் காப்பாற்றியவள் அல்லவா நான்!

அடுத்த மாதம் புத்தூரிலிருந்து பாதிரி ஐயர் வந்து ராப்போஜன அப்பமும் திராட்சரசமும் கொடுத்தார். பெரியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து முன்னால் போய் முழங்கால் போட்டார்கள். நைனா போனார். அம்மா மட்டும் கடைசிச் சுவரோரம் உட்கார்ந்தே இருந்தாள். ஐயருக்குப் பக்கத்தில் நின்ற வாத்தியார் இரண்டு தரம் அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எழுந்தால் தம்பி அழுவான், அதனால்தான் போகவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். தம்பி அவள் மடியில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.