லாரியன் தோளுக்கு ஒரு துப்பாக்கி

கோடியாக் தீவில் கரடி வேட்டைக்குப் போகிறவன் என் கடைக்கு வராமல் போனால், வேறெங்கோ ஏமாந்துவிட்டான் என்று அர்த்தம். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். மீன் ஆலையில் சால்மன் குடல் உருவின இந்தக் கையால்தான் இந்தக் கடையைக் கட்டினேன். ஆள் கதவைத் திறக்கும்போதே தோளையும் கழுத்தையும் பார்ப்பேன். எந்தத் துப்பாக்கி என்று அப்போதே முடிவாகிவிடும். டெக்சாஸ் டாக்டர்கள் யானை சுடுகிற பீரங்கியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதை வாங்கி மூலையில் சாத்திவிட்டு, 338 ரகத் துப்பாக்கியைக் கையில் கொடுப்பேன். கரடியின் தோள் எலும்பை உடைக்க அது போதும். சுடுகிறவன் தோளை உடைக்காது. இந்த நெஸ்தர் எடுத்துக் கொடுத்தது சரியில்லை என்று இன்றுவரை ஒருவன் சொன்னதில்லை.

லாரியன் என் மனைவி அக்ரபீனாவின் தம்பி. வேட்டைக்காரர்களுக்கு மூட்டை தூக்கப் போய், வழிகாட்டியாக உயர்ந்தவன். வெளியூர்க்காரன் அரைகுறையாகச் சுட்டுவிட்டு வாயைப் பிளந்து நிற்பான். காயம்பட்ட கரடி அடர்ந்த ஆல்டர் புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். உள்ளே போய் அதை முடிப்பது வழிகாட்டியின் வேலை. லாரியன் தன் பழைய 375ஐ எடுத்துக்கொண்டு, வீட்டு நீராவிக் குளியலறைக்குள் நுழைகிறவன் மாதிரி சாவகாசமாகக் குனிந்து போவான். ஒரு வெடிச் சத்தம் கேட்கும். வெளியே வந்து, "டீ இருக்கா?" என்பான். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து, அக்கா சுட்ட மீன் பணியாரத்தை நின்றபடியே பாதி காலி செய்வான். அவன் சிரித்தால் படகுத்துறை வரை கேட்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் இலையுதிர் காலத்தில் அப்படித்தான் ஒரு புதருக்குள் போனான். வெடிச் சத்தமும் கேட்டது. வெளியே வந்தது கரடி. அது அவன்மேல் ஏறி ஓடியிருந்தது. வலது தோள் நொறுங்கிப்போயிருந்தது. அவன் சுட்ட குண்டு எங்கே போனது என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

குளிர்காலம் முழுக்கக் கட்டோடு கிடந்தான். எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னதும் வேட்டை முகாம் முதலாளி பிரானக் என் கடைக்கே வந்தார்.

"நெஸ்தர், அவனச் சுட வெச்சுப் பாருங்க. நீங்க சரின்னு சொன்னா வழிகாட்டி. இல்லன்னா முகாம்ல சமைக்கட்டும். என்னை நம்பி வர்றவன் உசுரு அவன் கையில இருக்கு, நான் வேற என்ன செய்ய?"

மறுநாள் லாரியன் வந்து 375ஐ மேஜைமேல் வைத்தான்.

"மச்சான், இது இப்பல்லாம் ரொம்ப உதைக்குது. தோளுக்கு ஆகல. கொஞ்சம் சாதுவா ஒண்ணு குடு. ஆனா கரடி விழணும்."

"சாதுவா வேணும்னா உங்க அக்காவக் கூட்டிட்டுப் போ."

"அவளா? அவகிட்ட உதை வாங்கறதுக்கு இந்த 375ஏ தேவல."

இருவரும் சிரித்தோம். அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி.

338 ஒன்றும் 35 வீலன் ரகம் ஒன்றும் எடுத்துக்கொண்டேன். வீலன் பழைய சரக்கு, ஆனால் தோளைத் தள்ளுமே தவிர அறையாது. குழலும் கொஞ்சம் குட்டை, புதருக்குள் சிக்காது. இரண்டுக்கும் கனத்த குண்டுகளாகப் பொறுக்கி எடுத்தேன். ஊருக்கு வெளியே சரளைக்கல் பள்ளத்தில் குறி அட்டையை நட்டுவைத்தேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

338ல் சுட்டான். அட்டைக்குக் கீழே சேறு தெறித்தது. மறுபடியும் சேறு.

"தோள்தான்," என்றான்.

வீலனைக் கொடுத்தேன். மறுபடியும் சேறுதான்.

"ஒன் கடையில நல்ல சாமானே கிடையாதா மச்சான்?"

எனக்குச் சந்தேகம் வந்தது. இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்று உண்டு. முதுகைக் காட்டி நின்று, மருந்தில்லாத வெத்துத் தோட்டா ஒன்றைப் போட்டுக் கொடுப்பேன். வெடிக்கும் என்று நினைத்துத்தான் ஆள் விசையை இழுப்பான். வெடிக்காது. பயமில்லாதவன் கையில் குழல் அசையாது.

லாரியன் இழுத்தான். டக் என்று ஒரு சத்தம். குழல் துள்ளித் தரையைக் குத்தியது. நான் குழலைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கசப்பு மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி இரண்டு கண்ணையும் இறுக மூடியிருந்தான்.

"தோள் இல்ல மாப்ளே."

அவன் குழல் நுனியில் ஒட்டிய சேற்றைத் துடைத்தான். பிறகு, "அந்தத் தோட்டாவையும் எடுத்துடு. ஒண்ணும் இல்லாம குடு," என்றான்.

எடுத்தேன். அவனே விரலை விட்டுத் துழாவி, உள்ளே ஒன்றுமில்லை என்று பார்த்துக்கொண்டான். துப்பாக்கிக் கட்டையைத் தோளில் பதித்தான். மூச்சை விட்டான். இழுத்தான்.

கண் மூடிக்கொண்டது.

மூடிய கண்ணோடு அப்படியே நின்றான். மழைத்தண்ணீர் இமைமேல் வழிந்தது.

"நான் மூடல மச்சான். அதுவா மூடிக்குது. அன்னிக்குப் புதர்லயும் இப்படித்தான். கரடி வர்ற சத்தம் கேட்டுச்சு. நான் அதப் பாக்கவே இல்ல."

துப்பாக்கியை அவன் கையிலிருந்து நான்தான் வாங்கினேன்.

உதைக்குப் பயந்த எத்தனையோ பேரை நான் சரிசெய்திருக்கிறேன். சின்னதில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். லாரியனையும் தினமும் பள்ளத்துக்குக் கூட்டிப்போனேன். மான் சுடுகிற 308. அதற்கும் கண் மூடியது. முயல் சுடுகிற 22 கொட்டாவி விடுகிற அளவுக்குத்தான் சத்தம் போடும். அதற்கும் மூடியது. எனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் தீர்ந்துபோனது. வெறும் கையை நீட்டி விரலை மடக்கச் சொன்னேன். அதை மட்டும் அவன் செய்ய மறுத்துவிட்டான். மூடிக்கொள்ளும் என்று அவனுக்கே தெரிந்திருந்தது.

வீட்டில் அக்ரபீனா விடவில்லை.

"பிரானக்கிட்ட சரின்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? புதருக்குள்ள போனா தானா கண்ணத் தொறப்பான்."

"தொறக்கலன்னா?"

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேட்டை தொடங்கும் ஏப்ரல் பிறக்கும் முன் பிரானக் வந்தார். லாரியனும் கடையில் இருந்தான். "என்ன நெஸ்தர், எந்தத் துப்பாக்கி முடிவாச்சு?" என்று கேட்டார். நாற்பது வருடமாக அந்தக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொன்ன வாய் எனக்கு. அன்றைக்கு அது திறக்கவில்லை.

லாரியன்தான் சொன்னான்.

"கரண்டி குடுங்க முதலாளி. அது உதைக்காது."

பிரானக் சிரித்தார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்த வசந்தத்தில் முகாமில் ரொட்டி சுட்டான். தூரத்தில் வெடி கேட்டால் கூடாரத்துக்குள் கைவேலையைப் போட்டுவிட்டு அசையாமல் நிற்பான் என்று வந்தவர்கள் சொன்னார்கள். ரொட்டி கருகுகிறது என்று புகாரும் வந்தது. அடுத்த வருடம் பிரானக் அவனைக் கூப்பிடவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதில்லை. அக்கா பணியாரத்தைத் துணியில் சுற்றிக் கடைக்குக் கொடுத்தனுப்புகிறாள். கோயில் மணி அடித்து ஓய்ந்ததும் அவன் வந்து வாங்கிக்கொள்வான். இரண்டு கையும் கோட்டுப் பைக்குள்ளேயே இருக்கும். சுவரில் வரிசையாக நிற்கும் துப்பாக்கிகளைப் பார்ப்பான், தொடமாட்டான். அவனுடைய 375ம் அங்கேதான் நிற்கிறது.

"புதுசா ஏதாச்சும் வந்துருக்கா மச்சான்?"

"இல்ல மாப்ளே."

"சரி" என்று தலையாட்டுவான். நிம்மதியாக மூச்சு விடுகிற சத்தம் எனக்கே கேட்கும். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போவான்.

நேற்று நான்கு பெட்டி புதுத் துப்பாக்கிகள் வந்து இறங்கின. அவன் வரும்முன் பின்னறையில் வைத்துப் பூட்டிவிட்டேன்.