செத்தவள் மோர் கொடுத்த கதை

வாடகை நூலகம் நடத்துகிறவளுக்கு முதலில் வேண்டியது படிப்பு இல்லை, சந்தேகம். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு இது தெரியும். பக்கத்தைக் கிழித்தவன், கொலைகாரன் பேருக்கு அடிக்கோடு போட்டவள், எல்லாருமே பார்க்கச் சாதுவாகத்தான் இருப்பார்கள்.

டீச்சருக்கு வந்த நடுக்கம்

வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வாடகைக்கு விடுவது செஞ்சியில் என் கடையின் வழக்கம். தைப்பதும் ஒட்டுவதும் என் வீட்டுக்காரர். அப்படி வந்ததுதான் 'கருங்கதவு அரண்மனை'. பாளையக்காரர் காலத்துக் காதல் கதை. இருண்ட மாளிகை, பூட்டிய அறையில் அழுகுரல், மூத்தவளைக் கொன்றது யாரென்று தெரியாமல் அதே புருஷனை உருகி உருகிக் காதலிக்கும் இளையவள். நான் படிப்பதற்குள் சிங்கவரம் டீச்சர் தூக்கிப் போய்விட்டார். திருப்பித் தரும்போது முகமே சரியில்லை.

"அக்கா, புருஷன் மூத்தவளை சுடுகாட்டுல எரிச்சிட்டு வந்து உக்கார்றான், அவளே வந்து மோர் குடுக்குறா! எனக்குக் கை காலெல்லாம் ஒதறிப் போச்சு!"

டெய்லர் பாயின் தீர்ப்பு

அடுத்து எதிர்க்கடை டெய்லர் பாய். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் படித்தார். பிறகு ஊரே கேட்டு வந்தது. செல்போன் வந்ததிலிருந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடையில் கூட்டம்! எனக்குச் சந்தோஷத்தைவிட பயம்தான் வந்தது. நம் கடைக்கு இவ்வளவு யோகமா? அதற்குள் டெய்லர் பாய் வந்து தன் தீர்ப்பைச் சொன்னார்.

"கொழந்தைக்குப் பேரு வெச்சப்புறம் கல்யாணம் நடக்குதும்மா. எழுதினவன் இன்னாவோ மறைக்கிறான். அந்தப் புருஷனை நான் நம்பமாட்டேன்."

ஊசி பிடித்தவர்

அன்றே எடுத்துப் படித்தேன். ஓரம் நேராக வரட்டும் என்று மேலே வெட்டியதில் அத்தியாய எண்களெல்லாம் குப்பைக்குப் போயிருந்தன. அதன்பின் அத்தியாயங்களைக் கைக்கு வந்த வரிசையில் தைத்திருக்கிறார் மனுஷன். வெளியே தெரிந்தால் வந்த கூட்டம் காறித் துப்பிவிட்டுப் போகும், கடையை மூட வேண்டியதுதான். கத்தினேன். அவர் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எல்லாப் பக்கமும் உள்ளதான இருக்குது? கதை எங்க ஓடிடப் போவுது?"

எல்லாம் தெரிந்தவர்

பிரித்துத் தைக்க எடுத்து வைத்திருந்தேன். சந்தையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை போட வந்த கணவரோடு சேர்ந்து வந்த மேல்சித்தாமூர் நயினார் வீட்டம்மா, நான் தடுக்கத் தடுக்க அதை வாங்கிப் போனார். தொடர்கதையை வாராவாரம் விடாமல் படித்தவர் அவர். இன்றோடு மானம் போச்சு என்று உட்கார்ந்திருந்தேன். திருப்பிக் கொண்டுவந்தவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"வாராவாரம் படிச்சப்ப புருஷன்தான் கொன்னான்னு ஆரம்பத்துலயே தெரிஞ்சிட்டுது. இதைப் படிச்சா எனக்கு எம்மேலயே சந்தேகம் வந்துட்டுது. பிரிச்சுகிரிச்சுத் தொலைக்காதம்மா, எந் தங்கச்சியும் படிக்கணும்!"

இப்போது எந்தத் தொடர்கதை முடிந்தாலும் ஊசியை என் வீட்டுக்காரர் கையில்தான் கொடுக்கிறேன், ஆனால் அந்த மனுஷன் அன்றைக்குத் தெரியாமல்தான் தைத்தாரா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை.