நனைந்த தோலுக்கு ஒரு வக்கீல்

திண்டுக்கல்லில் குழாய்த் தண்ணீரே நினைத்தபோதுதான் வரும். அந்த ஊரில் கடல் சட்டம் தெரிந்த வக்கீலைத் தேடி அலைந்தவன் நான்.

ஒரு சின்னக் கப்பலில் வேலை பார்த்தேன். நடுக்கடலில் மேல்தட்டுப் பெட்டிகளை இழுத்துக் கட்டும்போது அறுந்த கயிறு வலது மணிக்கட்டை நொறுக்கிவிட்டது. கரைக்கு வந்ததும் கம்பெனி ஏஜென்ட் கட்டுப்போட வைத்து, ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டார். நஷ்டஈடு கேட்டதற்கு, நான் குடித்திருந்ததால் ஒன்றும் கிடையாது என்று போனிலேயே தீர்ப்பும் சொன்னார். நான் குடிப்பதில்லை. இனி அந்தக் கையால் தண்ணீர்த் தம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது.

கோர்ட்டுக்கு எதிரே எல்லா வழக்குகளும் பார்ப்பதாக போர்டு வைத்திருந்தவரிடம் போனேன்.

"தண்ணியில இருக்கப்ப அடிபட்டுருச்சு சார்."

"தண்ணியில இருந்தா கேஸ் நிக்காதுப்பா. மொதல்ல அத நிறுத்திட்டு வா."

கடல் தண்ணீர் என்று விளக்கினேன். முகம் தெளிந்து வண்டி நம்பர் கேட்டார். கப்பல் என்றதும், எந்த ஸ்டேஷன் எல்லை என்றார். கிணற்றுப் பங்கு, வாய்க்கால் தகராறு என்று தண்ணீர் வழக்கிலேயே தலை நரைத்தவர்தான். ஆனால் பக்கத்து வயல்காரன் இல்லாத தண்ணீரை அவர் பார்த்ததில்லை. அடுத்த அறைக்காரரிடம் அனுப்பினார். அவர் விவாகரத்து பார்ப்பவர். கடலுக்குப் போய் எத்தனை மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை என்று ஆசையாகக் கேட்டார். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றதும் ஆர்வம் வடிந்துவிட்டது.

கடலுக்குப் போகுமுன் பேகம்பூரில் ஒரு தோல் குடோனில் கட்டு சுமந்திருக்கிறேன். ஒரு கையால் செய்யும் வேலை ஏதாவது இருக்குமா என்று அந்த முதலாளி பாயிடம் கேட்கப் போனபோது கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவர் அனுப்பிய தோல் ஒருமுறை கப்பலில் உப்புத் தண்ணீர் பட்டுக் கெட்டுப்போக, தூத்துக்குடியில் கப்பல் வக்கீல் ஒருவரை வைத்து ஜெயித்திருந்தார்.

"ஆட்டுத் தோலு நனைஞ்சதுக்கு வாங்கிக் குடுத்தாரு. மனுசத் தோலுக்கும் பேசுவாரான்னு தெரியல தம்பி. கேட்டுருவோம்."

போன் போட்டு, கப்பலில் கை நொறுங்கிய ஆள் என்று சொல்லி என் காதில் வைத்தார். வக்கீல் எடுத்த எடுப்பில் கேட்டார்.

"தண்ணியிலயா, கரையிலயா?"

"சத்தியமா குடிக்கல சார்."



"கப்பலக் கேட்டேன்பா. சரக்கு ஏத்தியிருந்துச்சா?"

"கப்பல் ஏத்தியிருந்துச்சு சார். நான் ஏத்தல."

அவர் சிரித்த சிரிப்பு பாய்க்கும் கேட்டது. பிறகு குரல் மாறியது. எந்தக் கை என்றார். மருத்துவச் சீட்டுகளோடு உடனே புறப்பட்டு வரச் சொன்னார். தன்னிடம் வருபவர்கள் எல்லாம் சரக்குக்காரர்கள்தான் என்றும், அடிபட்ட ஆள் தானே வந்து கேட்பது அபூர்வம் என்றும் சொன்னார். சரக்குக்கு வாய் இல்லை, அதனால் அதற்கு வக்கீல் உண்டு. எங்களுக்கு வாய் இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள் போல.

தூத்துக்குடியில் வக்காலத்துத் தாளை நீட்டியபோது, இடது கையால் போட்டால் செல்லுமா என்று தயங்கினேன். செல்லும் என்றார். போட்டுப் பார்த்தேன். எட்டாவதோடு நின்ற படிப்பு; எந்தக் கையில் போட்டாலும் என் கையெழுத்து ஒரே மாதிரிதான் இருக்கிறது.