தோழியின் மாணவிக்குத் தேர்வாளராக ஹைதராபாத் போனேன்

சென்ற டிசம்பரில் ஹைதராபாத் போய் வந்தேன். சார்மினார் பார்க்கவோ முத்துமாலை வாங்கவோ அல்ல. அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் நோயெதிர்ப்பியல் துறையில் ஒரு பெண்ணுக்கு பிஎச்.டி. வைவா, நான் வெளித்தேர்வாளர். ஐந்தாறு வருட ஆராய்ச்சியை ஊரறியச் சொல்லி, வெளியூரிலிருந்து வருபவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கடைசித் தேர்வு அது. தேர்வாளர் தலையசைத்தால் டாக்டர் பட்டம். இல்லையென்றால் மறுபடி எலி, மறுபடி டியூப். எப்படிப் போனீர்கள், எங்கே தங்கினீர்கள் என்று கல்லூரி நண்பர்கள் சிலர் கேட்டதால் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மாணவியின் வழிகாட்டி எஸ்தர். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். சென்னையில் நாங்கள் இருவரும் ஒரே ஆய்வகத்தில், ஒரே ஆசிரியரிடம் பிஎச்.டி. செய்தோம். பிறகு அவள் வெளிநாடு போய் ஆராய்ச்சி செய்து, திரும்பி வந்து உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர், இப்போது துறைத்தலைவர். நான் திருமணம் செய்துகொண்டு விருதுநகர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் பாடம், மீதி நேரம் தேர்வு மேற்பார்வை, கோப்பு, பிளஸ் டூ பிள்ளைகளின் வீடு வீடாகப் போய்க் கல்லூரிக்கு ஆள் பிடிப்பது. அவளை நினைத்தால் எனக்கு வயிறு எரியும். அவளுடைய கட்டுரை எதிலாவது வந்தால் அன்றைக்கு என் வகுப்புப் பிள்ளைகள் பாவம்.

தேர்வாளர் பட்டியலில் என் பெயரைக் கொடுத்ததே அவள்தான். பாவம், போகட்டும் என்று போட்டாளா, இல்லை இவள் ஒன்றும் கேட்க மாட்டாள் என்று போட்டாளா? இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. ஒப்புக்கொண்டேன். ஆய்வேட்டை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை நான் படித்தது, நேர்மையாகச் சொன்னால், ஓட்டை தேடித்தான்.

கிடைத்தும் விட்டது. நான்காம் அத்தியாயம்.

சென்னையில் அண்ணன் வீட்டில் குளித்துச் சாப்பிட்டுவிட்டு மாலை ஆறேகால் ரயிலில் ஏறினேன். எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். மூன்றாம் வகுப்பு ஏசி. கம்பளி தருகிறார்கள், ஆனால் டிசம்பரில் சால்வையும் வேண்டும். காலை ஏழரைக்கு செகந்திராபாத். நிலையத்துக்கு வெளியே ஆட்டோக்காரர் நானூறு ரூபாய் என்றார். எனக்கு இந்தி அரைகுறை, தெலுங்கு அதுவும் இல்லை. இரண்டு விரலைக் காட்டினேன்.

"நக்கோ மேடம். தோ சௌ மே கைக்கு ஆதா?" என்றார். வேண்டாம், இருநூறுக்கு எதற்கு வர வேண்டும் என்று அர்த்தம். முந்நூறில் முடிந்தது. பிறகுதான் தெரிந்தது, பக்கத்திலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது, அதில் ஐம்பது ரூபாய்கூட ஆகியிருக்காது. நீங்கள் போனால் மெட்ரோவில் போங்கள்.

விருந்தினர் விடுதி சுத்தமாக இருந்தது. வெந்நீர் வந்தது. காலை உணவுக்குக் கொடுத்த பெசரட்டு என்கிற பச்சைப்பயறு தோசையை நன்றாக இல்லை என்று சொல்லத்தான் ஆசைப்பட்டேன், முடியவில்லை. பத்து மணிக்கு எஸ்தர் வந்தாள். முடி நரைத்திருந்தது, சாயம் பூசவில்லை. அதுவும் அவளுக்கு எடுப்பாக இருந்தது. கூட வந்த அலுவலர்கள் முன்னால் என்னை "மேடம்" என்று கூப்பிட்டு ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டினாள். எட்டு மாணவர்கள். செல் வளர்க்கத் தனி அறை. உள்ளே ஃப்ளோ சைட்டோமீட்டர் இருந்தது. செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓடவிட்டு, ஒட்டியிருக்கும் சாயத்தின் நிறத்தைப் பார்த்து வகை பிரித்து எண்ணுகிற இயந்திரம். சென்னையில் நாங்கள் வேறொரு நிறுவனத்தில் கெஞ்சி, அவர்கள் ஒதுக்கிக் கொடுத்த நேரத்தில் ஓட்டியது. இவளுக்கு இங்கே சொந்தமாக இரண்டு. நான் அதன் மூடியைத் தொட்டுப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே "நல்லா இருக்கு" என்றேன். உள்ளுக்குள் அழுகை வந்தது.

பதினொன்றரைக்கு வைவா. அரங்கில் நாற்பது பேர். மாணவி லாவண்யா, ஹைதராபாத்திலேயே மல்லாபூர்ப் பெண். அவள் அப்பா தொழிற்சாலையில் அரை நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஜனவரியில் அவளுக்கு வெளிநாட்டில் ஆராய்ச்சி வேலை. பட்டம் கிடைத்தால்தான் அது உறுதி. இதை எஸ்தர் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்த ஆசிரியர் சொன்னார். தெரியாமல் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

பெண் நன்றாகப் பேசினாள். காசநோய்க் கிருமி புகுந்த எலியின் நுரையீரலில் ஒரு அபூர்வ வகைச் செல்லைக் கண்டுபிடித்ததுதான் அவள் ஆய்வின் உயிர். நூறு செல்லுக்கு ஒன்றுகூடத் தேறாத கூட்டம். கேள்வி நேரம் வந்தது. நான் மைக்கை வாங்கினேன்.

செத்த செல்கள் கண்ட சாயத்தையும் பிடித்துக்கொள்ளும். நோய் பிடித்த நுரையீரலில் செத்த செல்லுக்குப் பஞ்சமில்லை. நீ அபூர்வம் என்று சொல்கிற கூட்டம் வெறும் பிணக்கூட்டமாக இருந்தால்? செத்த செல்களை நீக்கியதாக ஒரு வரி எழுதியிருக்கிறாய். நீக்கியது சரிதான் என்பதற்கு ஆதாரம் ஏட்டில் எங்கே?

இதற்குப் பதில் இல்லையென்றால் நான்காம் அத்தியாயம் விழும். சோதனையைத் திரும்பச் செய்ய ஆறு மாதம் ஆகும். எஸ்தரைப் பார்த்தேன். அவள் முகத்தில் பயத்தைப் பார்க்கத்தான் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் பயம் இல்லை.

லாவண்யா கணினியில் வேறொரு கோப்பைத் திறந்தாள். ஏட்டின் பின்னிணைப்புக்கும் போகாத படங்கள். "ஒவ்வொரு சோதனையிலும் இது உண்டு மேடம்," என்றாள் ஆங்கிலத்தில். "ஒரு டியூப் செல்லை வேண்டுமென்றே வெந்நீரில் வைத்துக் கொன்றுவிட்டு, மற்றவற்றுக்குப் போடுகிற எல்லாச் சாயத்தையும் அதற்கும் போடுவோம். செத்தவை எங்கே போய் விழுகின்றன என்று அதில் தெரியும். பாருங்கள், என் செல்கள் அந்தப் பக்கமே இல்லை. ஏட்டில் சேர்க்காதது என் தப்பு. எங்களுக்கு இது அன்றாட வேலை, அதனால் எழுதத் தோன்றவில்லை. இதற்கு எங்கள் லேபில் சாத்தூர் டியூப் என்று பெயர்."

"ஏன் அந்தப் பெயர்?" என்று வேறொரு ஆசிரியர் கேட்டார்.

"எங்கள் மேடத்தோடு பிஎச்.டி. செய்தவர் ஒருவர் செய்வாராம். விலை உயர்ந்த சாயத்தைப் பிணத்துக்குப் போடுகிறார் என்று எல்லோரும் சிரிப்பார்களாம். லேபுக்கு வரும் ஒவ்வொருவரும் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான்."

என் ஊர் சாத்தூர். சென்னை விடுதியில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஊர்ப் பெயர்தான். சிரித்தவர்களில் எஸ்தரும் ஒருத்தி. அரங்கில் அது யாரென்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். எஸ்தர் வாயைத் திறக்கவில்லை. நானே சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள். நான் சொல்லவில்லை. "திருப்தி" என்று மட்டும் சொல்லி மைக்கைக் கொடுத்தேன். அறிக்கையில், அந்தப் படங்களை ஏட்டில் சேர்க்க வேண்டும் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கடைசி வரிசையில் அப்பா எழுந்து நின்று கைதட்டினார். எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்காகத் தெருத்தெருவாக அலைந்த வருடங்களில் என் டியூப் இங்கே குளிர்சாதன அறையில் சுகமாக இருந்திருக்கிறது.

மதியம் எல்லோருக்கும் பிரியாணி. மாலையில் எஸ்தர் தன் காரில் நாச்சாரத்தில் இருக்கும் வீட்டுக்கு அழைத்துப் போனாள். தொழிற்சாலை விடும் நேரம், வண்டி நகரவில்லை.

"நான்தான் அதுன்னு ஏன்டி சொல்லல?" என்றாள்.

"சொன்னா கை தட்டுவாங்க."

"தட்டட்டுமே. அதுக்குத்தானே நானும் பேசாம உக்காந்திருந்தேன்."

"நீ ஏன் இத்தனை வருஷமா என்கிட்ட சொல்லல?"

"போன் பண்ணா எடுக்குறியா நீ? மெசேஜுக்கு ஒரு பூ போடுவ. அதோட சரி."

அது உண்மை. அவள் பதவி உயர்வு பெற்ற ஒவ்வொரு முறையும் நான் அனுப்பியது பூங்கொத்துப் படம் மட்டும்தான்.

"எனக்குக் கைதட்டல் வேண்டாம் எஸ்தர்," என்றேன். "எனக்கு உன் லேப் வேணும்."

இதை அதுவரை நான் என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. முன்னால் நின்ற லாரி கொஞ்சம் நகர்ந்ததும் எஸ்தரும் காரை நகர்த்தினாள்.

"ஹவ், தெரியும்," என்றாள். செகந்திராபாத்காரி ஆமாம் என்பதற்கு அப்படித்தான் சொல்வாள். "தெரிஞ்சுதான் உன் பேர போட்டேன். நாலாம் அத்தியாயத்துல நீதான் கை வைப்பேன்னும் தெரியும். லேப நான் தர முடியாது சாத்தூரு. ஆனா மே மாசம் பசங்க பாதிப் பேரு ஊருக்குப் போயிடுவாங்க. ஒரு மெஷின் சும்மா கெடக்கும். உனக்கும் லீவுதானே? வந்து ஓட்டு."

"பார்க்கலாம்" என்றேன். அவள் சிரித்தாள். இரக்கப்படுகிறாளோ என்று உற்றுப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை, அதற்கும் கோபம் வந்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தேர்வாளராகப் போனால் ரயில் டிக்கெட்டைப் பத்திரமாக வையுங்கள், பயணப்படிக்குக் கேட்பார்கள். வைவாவுக்கு முந்தைய நாளே போய்விடுங்கள். என்னைப் போல அன்று காலையில் இறங்கினால், ரயில் தாமதமாகும்போது நாற்பது பேர் உங்களுக்காக உட்கார்ந்திருப்பார்கள். தங்க நினைத்தால் கூகட்பள்ளிப் பக்கம் விடுதிகள் மலிவு, மெட்ரோவும் உண்டு. ஊர் சுற்ற டிசம்பர், ஜனவரி அருமை. மே மாதம் மட்டும் வேண்டவே வேண்டாம். வெயில் நாற்பதைத் தாண்டும், மதியம் தெருவில் நாயைக்கூடப் பார்க்க முடியாது. வேலையே இருந்தாலும் தள்ளிப்போடுங்கள்.

நான் மே முதல் வாரத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.