குருபோங் போகும் காலை பஸ்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கணவருக்கு ஜொகூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். ரெம்பியா பக்கத்துத் தோட்டத்திலிருந்து குருபோங் தொழிற்சாலைக்குப் போக, பக்கத்து வீட்டு அக்காவின் மகனுடைய கார்தான் எனக்குக் கதி. அவன் எழுந்தால் எனக்கு வேலை, தூங்கினால் லீவு! என்னை சூப்பர்வைசராகப் போட்ட அன்றே, இனி தாமதமாக வந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து எங்கள் மண்டபத்தில் வட்டார வளர்ச்சித் திட்டக் கூட்டம் நடந்தது. புக்கிட் பெருவாங் அரசாங்க அலுவலகத்திலிருந்து ஓர் இளம் தமிழ் அதிகாரி வந்திருந்தாள். தொழிற்சாலைகள் வளர வேண்டும், ஆறும் தோட்டமும் கெடக்கூடாது, ஆளுக்கொரு காராகச் சாலையை நிரப்பவும் கூடாது, அதற்காகக் காலையும் மாலையும் ஒரு பஸ் விடப்போகிறோம் என்றாள்.

"இப்போதைக்கு சோதனைதான். ஆள் ஏறலன்னா எடுத்துடுவாங்க" என்று முடித்தாள்.

குருபோங்கில் வேலை செய்யும் எங்கள் தோட்டத்து ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அக்காவிடம் போய்ப் புலம்பினேன்.

"ஏன் மூஞ்சிய தொங்கப் போடுற? ஆளுதானே வேணும்? நாங்க இருக்கோம்லா!" என்றவர், அங்கேயே உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் ஊருக்கே குரல் செய்தி போட்டார்.

பஸ் வந்த நாளிலிருந்து ஒரே கொண்டாட்டம். பசாருக்குக் காய்கறி வாங்க நாலு பேர், மகள் வீட்டுக்கு ரெண்டு பேர், மற்றவர்கள் காற்று வாங்க. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கைமாறும். பின் சீட்டில் பாட்டுக் கச்சேரி. மலாய்க்கார டிரைவர் ஸ்டியரிங்கில் தாளம் போடுவார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும்.

ஆள் கணக்கு எடுக்கும் நாளும் வந்தது. ஒருவர் பாக்கியில்லாமல் வரவேண்டும் என்று அக்கா உத்தரவு போட்டிருந்தார். ஜன்னலோரம் பிடிக்க அவர் முதல் நிறுத்தத்துக்கே நடந்து போய்விட்டார். தோட்டத்தின் கடைசி நிறுத்தத்தில் நானும், கையில் டேப்லெட்டோடு அந்த அதிகாரியும் நின்றோம்.

பஸ் வந்தது. படிக்கட்டு வரைக்கும் கூட்டம். இடமில்லை என்று டிரைவர் கையை ஆட்டிவிட்டு நிற்காமலே போய்விட்டார். ஜன்னலில் அக்கா எனக்கு ஜோராக டாட்டா காட்டினார்.

எனக்கு வந்ததே கோபம்! "அடப்பாவிங்களா! நான் வேலைக்குப் போகணும்! நீங்கல்லாம் சும்மாதானே போறீங்க!" என்று கத்திவிட்டேன்.

கத்திய பிறகுதான் பக்கத்தில் நிற்பவள் நினைவுக்கு வந்தாள்.

"சும்மாவா?" என்றாள்.

போச்சு. பஸ்ஸும் போச்சு, வேலையும் போச்சு. கண்ணில் தண்ணீர் முட்ட, நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அக்கா, வீட்டுலயே கெடந்தவங்க இத்தன பேரு வெளிய கிளம்பிட்டாங்க. சும்மா போனாலும் அவங்களும் பயணிங்கதானே? இடமில்லாம ஒருத்தர் ரோட்டுல நிக்கிறாங்க, அதையும் சேர்த்தே எழுதுறேன். வாங்க, நேரமாச்சு" என்று தன் காரிலேயே என்னைக் கொண்டுபோய் விட்டாள். மணி அடிக்கும்போது நான் உள்ளே இருந்தேன்.

சில வாரங்களில் சேதி வந்தது. பஸ் நிரந்தரம். அதுமட்டுமில்லை, காலையில் அதன் பின்னாலேயே இன்னொரு பஸ்ஸும் சோதனைக்கு வரும். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாவது பஸ் வந்த முதல் நாள், ஆசையாக அதில் ஏறினேன். டிரைவரும் நானும்தான். பதறிப்போய் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, இதுல ஆளே இல்லக்கா!"

முன்னால் போன பஸ்ஸில் பாட்டுச் சத்தம் சட்டென்று நின்றது. "எல்லாரும் எறங்குங்கலா!" என்று அக்கா கத்துவது கேட்டது. "அடுத்த ஸ்டாப்புல நிக்கிறோம், வா!"