டைரக்டரியைப் பூட்டிய நஸீபா

ஃபேனைப் போடுவதற்கு முன்பே நஸீபா சுடலைக்கண்ணுவாகிவிடுவாள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் பில் போட்டுக் கொடுக்கும் நிறுவனம் அது. அதன் கணினிகள் எல்லாம் அவள் பொறுப்பு. சுடலைக்கண்ணு என்று அங்கே ஆளே கிடையாது. அதிகாரம் ஏதுமில்லாத ஊழியர் ஒருவரின் கண்ணுக்கு என்னென்ன தெரிகிறது என்று பார்க்க அவளே கணினியில் உண்டாக்கிய பெயர். அந்தப் பெயரில் நுழைந்து எட்டிப்பார்ப்பதுதான் தினமும் முதல் வேலை. போன தீபாவளிக்குச் சுடலைக்கண்ணுவுக்கும் ஓர் இனிப்புப் பெட்டி வந்தது. நஸீபா வாங்கி எல்லோருக்கும் பங்கு வைத்தாள்.

கணவர் ஷார்ஜாவில். சீசன் வந்தால் அலுவலகமே அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து உட்காரும். இவளுக்குச் சாரல் காற்று பட்டாலே தும்மல். பாஸ்வேர்டைத் தாளில் எழுதிக் கணினியில் ஒட்டிவைப்பவர்களைக் கண்டால் மட்டும் தும்மல் நின்று கோபம் வந்துவிடும். "சாவிய வாசல்லயே தொங்கப் போட்டுட்டுத்தான் வீட்டப் பூட்டுதியளோ?" என்பாள்.

கம்பெனி டைரக்டரியில் ஒவ்வொருவரின் கைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் இருந்தன. யார் வேண்டுமானாலும் யாருடையதையும் பார்க்கலாம். கல்யாணப் பத்திரிகையை வீடு தேடிப் போய் வைத்தால்தான் மரியாதை என்கிற ஊர் இது. அதற்கு வசதியாக இருக்கட்டும் என்று மேலாளர் கணேசமூர்த்திதான் கதவு எண் வரைக்கும் ஏற்றச் சொல்லியிருந்தார்.

அந்த வசதிதான் பில் பிரிவு இசக்கிசெல்விக்கு வினையாக வந்தது. அடிக்கிற புருஷனை விட்டுவிட்டு, மகளோடு ஆலங்குளத்தில் யாருக்கும் தெரியாமல் குடியிருந்தாள். அதே அலுவலகத்தில் வேலை பார்க்கும் கொழுந்தன் மணிகண்டபிரபு, டைரக்டரியிலிருந்து முகவரியை எடுத்து அண்ணனுக்குக் கொடுத்துவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை புருஷன் வந்து கதவை உதைத்தான். அவள் வீடு மாறினாள். புது முகவரியைப் பதியச் சொல்லி அலுவலகம் நெருக்கியது.

"எழுதுனா திரும்பவும் வந்துருவான்லாக்கா?" என்று கேட்டாள்.

"நீ இப்பம் எழுதாத. நான் சொல்லுத அன்னிக்கு எழுது" என்றாள் நஸீபா.

நேரே கணேசமூர்த்தியிடம் போய் நின்றாள். நல்ல மனிதர்தான்; ஆனால் மகள் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. "நம்ம ஆபீஸே ஒரு குடும்பம்லாம்மா. குடும்பத்துக்குள்ள என்ன ஒளிவு மறைவு?" என்றார்.

"குடும்பத்துலயும் கதவச் சாத்திட்டுத்தான சார் குளிக்கோம்."

"சரி, பாத்துச் செய்யும்மா" என்று அவர் பத்திரிகைக் கட்டைப் பிரிக்கத் தொடங்கினார்.

முதல் தடவை சொதப்பிவிட்டாள். டைரக்டரி முழுவதற்கும் 'எல்லோருக்கும் தடை' என்று ஒரே போடாகப் போட்டாள். அந்த எல்லோரில் தானும் உண்டு என்பது அவசரத்தில் மறந்துபோயிற்று. மறுநாள் மெயிலில் ஒருவர் பெயரும் வரவில்லை, அதே டைரக்டரியில் பதிந்திருந்த பிரிண்டர்கள் காணாமல் போயின, சரிசெய்யப் போனவளையும் கணினி வெளியே நிறுத்தியது. மத்தியானம் வரை ஒரே கூச்சல். "பழையபடியே விட்டுரும்மா" என்றார் கணேசமூர்த்தி.

"தப்பு நான் பண்ணுனது சார். அதுக்காவ வீட்டத் தொறந்து போட்டுட்டுத் தூங்க முடியுமா?"

பிறகு அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு பிரிவாகப் பூட்டிக்கொண்டு வந்தாள். பெயரும் அலுவலக எண்ணும் எல்லோருக்கும் தெரியும். வீட்டு விவரம் சம்பளப் பிரிவுக்கு மட்டும். மணிகண்டபிரபு செய்த காரியத்தை மேலிடத்துக்கும் எழுதிப் போட்டாள். அவனே ஒருநாள் வந்து, "யக்கா, டைரக்டரில ஒண்ணுமே தெரிய மாட்டேங்குதே" என்றான்.

"தெரியக்கூடாதுன்னுதாம்ல பூட்டிருக்கேன்."

அன்று சாயங்காலமே இசக்கிசெல்வியைக் கூப்பிட்டுத் தன் பக்கத்துக் கணினியில் உட்காரவைத்தாள். "இப்பம் எழுதுட்டி" என்றாள். அந்தப் பெண் ஒருமுறை வாசலைப் பார்த்துவிட்டு, மெதுவாகத் தெருப் பெயரை அடித்தாள்.

நஸீபாவுக்கு அங்கே எந்த விவரமும் மறைவில்லை. நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். இருந்தும், இசக்கிசெல்வியின் விரல் கதவு எண்ணுக்குப் போனபோது, அவள் தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.