அத்தான் மாட்டிய காலிங் பெல்

என் அத்தான் லிப்ட் மெக்கானிக். அவர் மாட்டிய எதுவும் பழுதாகாது. "கொஞ்சம் சிணுங்கும்", அவ்வளவுதான். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து இதைக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. தான் செய்தது தப்பு என்று அவர் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. ஆனாலும் எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

அந்த வாய்தான் மகளிடமும் நீண்டது. வங்கி வேலையை விட்டுவிட்டு, தோழியோடு சேர்ந்து நாய்களைக் குளிப்பாட்டி முடிவெட்டும் கடை போடப்போவதாக அவள் சொன்னாள். "அப்போ இந்த வாசப்படிய மிதிக்காதே" என்றார். அவளும் அவர் பெண்தானே, மிதிக்கவே இல்லை. மாதங்கள் ஓடின.

இதற்கிடையில் அக்கா கேமரா வைத்த காலிங் பெல் ஒன்று வாங்கினாள். வாசலில் யார் நடமாடினாலும் படம் பிடித்து போனுக்கு அனுப்புமாம்.

"பேட்டரியிலேயே ஓட்டிடலாம் அத்தான்" என்றேன்.

"அத அடிக்கடி கழட்டி சார்ஜ் போடறதுக்கு வேற ஆளப் பாரு."

"சோலார் தகடு?"

"எதிர்ல அத்தனை மாடி கட்டி வச்சிருக்கான். வெயில் இங்க எட்டிக்கூடப் பாக்காது."

பழைய பெல்லின் ஒயரிலேயே கொடுக்கப்போவதாகச் சொன்னார். அந்தப் பழைய டிரான்ஸ்பார்மர் தரும் எட்டு வோல்ட் இதற்குப் போதாது என்றேன். "லிப்டையே தூக்குறவன்டா நான்" என்று ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துவிட்டார்.

அக்கா என்னை அடுப்படிக்கு இழுத்தாள். "விட்டுடுடா. பேட்டரில மாட்டினா ஹால்ல இருக்குற பழைய மணி அடிக்காதாம். சின்னதுல அவ ஸ்கூல் விட்டு வந்ததும் வீடே அதிர அடிப்பாளே, அது."

நான் போய் அத்தானுக்கு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

மாட்டிய பிறகு வேடிக்கை தொடங்கியது. யாராவது பொத்தானை அழுத்தினால் ஹாலில் மணி அடிக்கும், கரண்ட் போதாமல் கேமரா கண்ணை மூடிக்கொள்ளும். மணியை அழுத்தாதவர்கள் மட்டுமே படத்தில் விழுந்தார்கள்: ஒரு பூனை, எங்கள் செருப்பை எண்ணிப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர்.

"அழுத்தினவங்கதான் நேர்லயே வராங்களே, படம் எதுக்கு?" என்றார் அத்தான்.

ஒருநாள் மத்தியானம் அவர் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. மகள். பொத்தான்வரை விரலைக் கொண்டுபோனாள். அழுத்தவில்லை. துப்பட்டா நுனியால் கேமராவின் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

சாயந்திரம் நான் போனபோதும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சொன்ன டிரான்ஸ்பார்மர வாங்கிட்டு வா" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மறுநாள் இருவருமாக மாற்றினோம். நான் வாசலில் நின்று அழுத்தினேன். ஹாலில் மணி கணீரென்று அடித்தது. போனில் என் முகம் பளிச்சென்று தெரிந்தது. அத்தான் கையைக் காட்டி என்னை நிறுத்தச் சொன்னார். மகளைப் போனில் கூப்பிட்டார்.

"அம்மாடி, நம்ம வீட்டு பெல் ரிப்பேர். நான் மாட்டினதுதான் தப்பு. நீ வந்தா வெளிய நின்னுக்கிட்டு இருக்காதே. கதவு திறந்தேதான் இருக்கும், நேரா உள்ள வந்துடு."

அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு, கழற்றிப் போட்ட பழைய டிரான்ஸ்பார்மரை எடுத்து, காற்றில் கதவு சாத்திக்கொள்ளாதபடி அடியில் முட்டுக்கொடுத்தார்.